தலைகீழ்க் குடைகள்

"மழைக்காலப் பக்கம் வந்ததும் நீ இருமு அண்ணா. எல்லாரும் உன்னைத் திரும்பிப் பார்க்கற நேரத்துல நான் படக்குன்னு புரட்டிடறேன்."

"இருமறதா? எனக்கு மூச்சே வரலை!"

தங்கை படம் வரைந்தவள். அண்ணன் வரிகள் எழுதியவன். ஊரின் அடையாளங்களையும் பருவகால வழக்கங்களையும் சொல்லும் குழந்தைகள் புத்தகம். அச்சாகிவிட்டது, இனிப் பக்கத்தைக் கிழிக்க முடியாது. நூலகக் கூடத்தில் வெளியீடு; பக்கங்களைத் தங்கையே ஒவ்வொன்றாகத் திரையில் காட்ட வேண்டும். முன்வரிசைப் பெரியவர்களின் வயதையெல்லாம் கூட்டினால் ஊரின் வயதைப் போல நாலு மடங்கு தேறும். எந்தச் செங்கலை யார் வைத்தார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

நூலகத் தலைவி வேறு மேடையிலேயே சொல்லிவிட்டார்: "பெரியவங்க பார்த்துச் சொல்லட்டும். ஒரு தப்பு இருந்தாலும் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் இது போகாது."

போகாவிட்டால் தங்கைக்கு முதல் புத்தகமே கடைசிப் புத்தகம். அவள் உள்ளங்கை வியர்வையில் மீன் வளர்க்கலாம்.

திரையில் மணிக்கூண்டு வந்தது, கைதட்டல். பழைய பாலம், கைதட்டல். காற்றுக்காலத்துப் பட்டம், சருகுக் குவியலில் குதிக்கும் பிள்ளைகள்... அடுத்தது மழைக்காலம்.

அண்ணன் இருமினான். கொசு தும்மியதுபோல் இருந்தது. ஒருவரும் திரும்பவில்லை.

திரையில், முதல் மழையன்று ஊரே கூடி, பூங்காக் குளத்தில் குடைகளைத் தலைகீழாக மிதக்கவிட்டுப் பந்தயம் நடத்திக்கொண்டிருந்தது.

"நிறுத்தும்மா!"

ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் எழுந்தார். அவர் எழுந்து நிமிர்வதற்குள் தங்கைக்குப் பத்து வயது கூடிவிட்டது.

"இதை வரையறதுக்கு முன்னாடி எங்கள்ல யாரையாவது ஒரு வார்த்தை கேட்டியா?"

"இ... இல்லைங்க ஐயா."

"அதான் பார்த்தேன்! எல்லாம் கறுப்புக் குடையா போட்டு வெச்சிருக்கே. நாங்க விட்டது சிவப்புக் குடைம்மா! நானே ரெண்டு வருஷம் ஜெயிச்சிருக்கேன்."

"நீங்க எங்கே ஜெயிச்சீங்க?" பின்வரிசையிலிருந்து பேக்கரிக்காரம்மா எகிறினார். "எங்க வீட்டுக்காரரோட குடையை நீங்க கம்பால குத்திக் கவிழ்த்ததாலதானே உங்க குடை முன்னாடி போச்சு! இன்னி வரைக்கும் அந்த மனுஷனுக்கு மனசு ஆறலை."

"போதும், போதும்!" என்று நூலகத் தலைவி கையைத் தூக்கினார். "அடுத்த பதிப்புல சிவப்பாக்கிடும்மா. மத்ததெல்லாம் அச்சு அசல். எங்கப்பா தோள்ல உட்கார்ந்து நானே பார்த்திருக்கேன். எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போகட்டும்."

"மன்னிச்சுடுங்க, மாத்திடறேன்" என்று தங்கை தலைகுனிந்தாள். அண்ணனுக்கு இப்போதுதான் நிஜமான இருமல் வந்தது, நிற்கவேயில்லை.

வராமல் என்ன செய்யும்? மழைக்காலத்தில் அந்த ஊர்க்காரர்கள் காலங்காலமாகச் செய்துவந்தது தும்முவது ஒன்றுதான். காலியாகக் கிடந்த பக்கத்தை நிரப்ப, போன மாதம் சாப்பாட்டு மேசையில் அண்ணனும் தங்கையும் கற்பனை செய்ததுதான் அந்தக் குடைப் பந்தயம்.