அளவு தப்பிய மேசை

"உங்க தங்கச்சிக்குன்னா எல்லாம் கச்சிதமா வருது. நமக்குன்னா மட்டும் எப்படிங்க அளவு தப்புது?"

கணவர் மேசைக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக் கார் ஷெட் காரைப் பார்த்ததே இல்லை. லீவு நாளில் அது அவருடைய மரப்பட்டறை. சொந்தக்காரர், நண்பர் எல்லார் வீட்டிலும் அவர் செய்த கட்டிலோ அலமாரியோ நிச்சயம் இருக்கும்.

"தப்பு நடந்துபோச்சும்மா. தூக்கிப் போட மனசு வரல. நம்ம சமையலறையில இருக்கட்டுமே."

"புத்தக அலமாரிக்கும் இதைத்தான் சொன்னீங்க. துணி அலமாரிக்கும் இதேதான். ஊருக்கெல்லாம் நல்லது, வீட்டுக்குக் கழிசலா?"

கல்யாணத்தன்று இவருடைய பெரியம்மா எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "பொண்ணு குட்டை" என்றது அவளுக்கு இன்னும் ஆறவில்லை. இவளுக்கு இது போதும் என்று இவரும் நினைக்கிறாரோ?

சாயங்காலம் நாத்தனார் தன் மேசையை எடுத்துப்போக வந்தாள். அண்ணனைப் போலவே நெடுநெடுவென்ற உருவம்.

"இந்தத் தடவை நல்லது எனக்கு. தப்பானது உனக்கு," என்று நாத்தனாரிடம் சொன்னாள் அவள்.

நாத்தனார் சிரித்தாள். "தாராளமா எடுத்துக்கோங்க அண்ணி. எனக்கு ஓசியில எது வந்தாலும் சரி."

"வேணாம்மா," என்று மனைவியைப் பார்த்து இழுத்தார் அவர். "அது உனக்கு..."

"எனக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

இரண்டு மேசையும் சமையலறைக்கு வந்தன. பெண்கள் இருவரும் ஆளுக்கொரு மேசையில் காய் நறுக்கத் தொடங்கினார்கள்.

கொஞ்ச நேரத்திலேயே அவளுக்குத் தோள் வலித்தது. முழங்கை காதுக்குப் பக்கத்தில் நிற்பது போலிருந்தது. கத்தியை அழுத்தவே முடியவில்லை.

அந்தப் பக்கம் நாத்தனார் வில்லாய் வளைந்திருந்தாள். "அண்ணி, இதுல நறுக்கணும்னா நான் முட்டி போட்டுத்தான் நிக்கணும். இடுப்பு கழண்டுடும் போல இருக்கு."

"தள்ளு பார்க்கலாம்."

அந்த மேசையில் கத்தி தானாக இறங்கியது. தோள் தோளாக இருந்தது.

அவள் கை நின்றது. திரும்பிப் பார்த்தாள். மசாலா டப்பாக்கள் அடுக்கிய பலகை, கூடத்துப் புத்தக அலமாரி, அதற்கப்பால் துணி அலமாரி. எதன் மேல்தட்டும் அவள் கைக்கு எட்டாமல் இருந்ததில்லை.

அம்மா வீட்டில் முக்காலி இல்லாமல் அவள் ஒரு டப்பாவை எடுத்ததில்லை. இந்த வீட்டில் முக்காலியே கிடையாது. இத்தனை நாளில் அவள் அதைத் தேடியதும் கிடையாது.

வாசற்படியில் அவர் தயங்கி நின்றார். தலைமுடியெல்லாம் மரத்தூள்.

"என்னம்மா, அளவு சரியில்லையா?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ மேசையை அவளே எடுத்துட்டுப் போகட்டும். எனக்கு ஒரு நாற்காலி செஞ்சு கொடுங்க."

"செஞ்சுடலாம்."

"அதுலயும் கொஞ்சம் அளவு தப்பட்டும்."