பிடுங்கிக் குடித்தவர்

பாப்பா பாட்டிலை வாயருகே கொண்டுபோனாள். பக்கத்தில் நின்ற காமெடியன் வெடுக்கென்று அதைப் பிடுங்கி, மடக் மடக்கென்று பாதியைக் காலி செய்தார்.

முகம் எட்டுக் கோணலாகப் போயிற்று. கண்ணில் நீர் முட்டியது. பெரிதாக ஓர் ஏப்பம் விட்டார். கூடவே மூக்கிலிருந்து ஒரு குமிழி வந்து, கொஞ்ச நேரம் நின்று, உடைந்தது.

ஷூட்டிங் தளமே சிரித்தது. கூல்டிரிங்க்ஸ் கம்பெனி மேனேஜர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"இதுதான்! இந்த முகத்தைப் பார்த்தா ஊரே ஓடி வந்து வாங்கும். பாப்பா குடிக்கிற ஷாட்டே வேண்டாம், டைரக்டர்!"

சிரிக்காதவள் பாப்பாவின் அம்மா ஒருத்திதான்.

ஆபீசுக்கு மூன்று நாள் லீவு போட்டிருந்தாள். மகளைக் கண்ணாடி முன் நிறுத்தி, குடிக்கவும் உதட்டை நக்கவும் கண் சிமிட்டவும் பழக்கியிருந்தாள். 'நம்ம பாப்பா விளம்பரத்துல வரப்போறா' என்று நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொல்லியும் ஆயிற்று.

"அம்மா, நான் எப்ப குடிக்கணும்?"

"இரு, கேட்டுட்டு வரேன்."

டைரக்டரிடம் ஒரு புகார் சொல்ல வேண்டும் என்று அவருடைய உதவியாளரிடம் சொல்லிவிட்டு, நேராக மேக்கப் அறைக்குள் நுழைந்தாள். காமெடியன் தொட்டியில் குனிந்து வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, சோத்துல உப்புப் போட்டுத்தானே சாப்பிடறீங்க? ஏழு வயசுக் குழந்தை கையிலருந்து பிடுங்கிக் குடிக்கிறீங்களே!"

"தப்புதாம்மா. கேமரா ஓடினா கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"சின்னப் பொண்ணு பேர் வாங்கிடுவாளோன்னு வயித்தெரிச்சல். வேற என்ன?"

"வயிறு எரியத்தாம்மா செய்யுது," என்று மறுபடி குனிந்தார்.

"ஒரே மூச்சுல குடிச்சா அப்படித்தான். டைரக்டர் வரட்டும், உங்களை உண்டு இல்லைன்னு பண்றேன்."

கதவு படாரென்று திறந்தது. கேமராவுக்காகப் பாட்டில்களை ஜோடிக்கிறவள் ஓடிவந்தாள். கதவு மறைத்ததில் அம்மா நிற்பதை அவள் பார்க்கவில்லை.

"அண்ணே, டாக்டர்கிட்ட போயிடலாம்ணே. நுரை நிக்கணும்னு சோப்புத் தண்ணி கலந்து வெச்ச பாட்டிலைப் போய்ப் பாப்பா கையில குடுத்துட்டேனே! அடையாளத்துக்கு நானே கட்டின சிவப்பு நூலை நானே பார்க்கலையே!"

"மெதுவாப் பேசு தாயி. நான் பார்த்தேன்ல?"

"ஒரு குரல் குடுத்திருக்கலாமே. எதுக்குண்ணே குடிச்சீங்க?"

"கத்தியிருந்தா உன்னை அங்கேயே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. அப்புறம் எவன் வேலை குடுப்பான்? குழந்தை குடிச்சா போலீஸ் கேஸு. நான் குடிச்சா காமெடி. கண்ணைத் தொடைச்சுக்கோ."

திட்டுவதற்கென்று திறந்த வாயை அம்மா இன்னும் மூடவில்லை.

அதற்குள் டைரக்டரே வந்துவிட்டார். "அண்ணே, மேனேஜர் ஒரே குஷி. அதே முகம் இன்னொரு ஷாட் வேணுமாம்."

"குடுத்துடலாம் தம்பி. இந்தத் தடவை நடிச்சே காட்டறேன்."

டைரக்டருக்கு அது புரியவில்லை. அம்மா பக்கம் திரும்பினார். "நீங்க ஏதோ புகார்னீங்களாமே? அண்ணன் மேலயா?"

அப்போதுதான் அவளைப் பார்த்த பாட்டில்காரியின் முகம் வெளிறியது. காமெடியன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"ஆமா சார், புகார்தான்," என்றாள் அம்மா. "எங்கே பார்த்தாலும் கூல்டிரிங்க்ஸா அடுக்கி வெச்சிருக்கீங்க. எங்க அண்ணனுக்குக் குடிக்க ஒரு டம்ளர் நல்ல தண்ணி இல்லையே!"