பொம்பளைங்க லைன்ல ஒரு ஆம்பள

“பொண்டாட்டியோட சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. அம்பது பொம்பளைங்க நடுவுல நான் ஒருத்தன் கொடத்தோட நிக்கறேன்னா, அது தேவப்பிரியம் அக்கா போட்ட ஆர்டரு.”

ஹுமாயூன் சிரிச்சான். எங்க ஹவுசிங் போர்டு பிளாக்குக்கு புதுசா குடி வந்தவன். தண்ணி லாரி இன்னும் வரல. கொடங்க மட்டும் தெரு மொன வரைக்கும் வரிசையா நிக்குதுங்க.

“யாரு அண்ணாத்தே, லைன் முன்னால நின்னு எல்லாரையும் வெரட்டுதே, அந்தம்மாவா?”

“அதேதான். நாலு மாசம் முன்னாடி அது பண்ண வேலைய கேளு” ன்னு கொரல கொறச்சி ஆரம்பிச்சேன்.

எனக்கும் யசோதராவுக்கும் கல்யாணம் ஆயி ஏழு வருசம். புள்ள இல்ல. கர்ப்பப்பைல சின்னதா சத வளந்துகீது, பாலிப்புன்னாங்க. எடுத்தாங்க. அப்பால மாத்திர, ஊசி, ஸ்கேனு. எங்க ஏரியா ஆளுங்க கண்ல படக்கூடாதுன்னு ரெண்டு பஸ்ஸு மாறி அடையாறு பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். யாராச்சும் கேட்டா, “பீச்சுக்குப் போறோம்.” ஏழு மாசத்துல பதினாலு வாட்டி பீச்சு.

கடைசியா ஒரு ஊசி போட்டு, இனிமே காத்துகினு இருக்கணும்னு அனுப்பிட்டாங்க.

மறுநாள் காலைல யசோதரா எப்பவும்போல தண்ணிக்குப் போனா. தேவப்பிரியம் அக்கா அவ கொடத்த எடுத்து வெளிய கடாசுச்சாம்.

“காலங்காத்தால உன் மூஞ்சிலதான் முழிக்கணுமா? இனிமே லைன்ல ஒன்னப் பாத்தேன், கொடத்த ஒடைப்பேன். ஒன் வூட்டுக்காரன அனுப்பு, போ!”

யசோதரா வெறும் கொடத்தோட வந்து அடுப்படில குந்திகினு அழுதா.

“இத்தினி வருசமா எல்லாரும் மனசுக்குள்ள வெச்சிருந்தாங்க. அது வாய வுட்டே சொல்லிடுச்சி, அவ்ளோதான்” ன்னா.

எனக்கு ரத்தம் கொதிச்சிது. நேரா அது வூட்டாண்ட போயி நின்னேன். பின்னாடியே பத்து பொம்பளைங்க வேடிக்க பாக்க வந்துடுச்சிங்க.

“இன்னாக்கா, எம் பொண்டாட்டி மூஞ்சில முழிச்சா தண்ணி லாரி பஞ்சராயிடுமா?”

“ஆவும். நாளைலேர்ந்து நீ வா. இல்ல, தண்ணி இல்லாம கெட.”

கதவ சாத்திகிச்சி.

இந்த வருசம் மழை இல்ல. லாரிய வுட்டா வேற தண்ணி கெடையாது. அத்தொட்டு நானே வந்தேன். ஆறு கொடம், மூணு மாடி. எப்டிடா ஒரு மனுசி இத டெய்லி தூக்குறான்னு ரெண்டாவது கொடத்துலயே தோணிச்சி. அஞ்சு வாரம் ஒரு நாளு தவறாம அந்தம்மாவ மனசுக்குள்ள வஞ்சிகினே தூக்குனேன்.

அஞ்சாவது வாரம் ஸ்கேனு. டாக்டரம்மா மெஷின எங்க பக்கம் திருப்பி, “ஹார்ட் பீட் வந்துடுச்சி, பாருங்க” ன்னாங்க. அவ்ளோண்டு ஒரு புள்ளி, துடிச்சிகினு கீது. யசோதரா என் கைய புடிச்ச புடில வெரல் மரத்துப் போச்சி.

அவள பெஞ்சுல குந்த வெச்சிட்டு மாத்திர வாங்கப் போறேன், எதுருல நீலப் பொடவைல ஒரு ஆயா பக்கெட்டோட வருது.

தேவப்பிரியம் அக்கா!

டெய்லி எட்டு மணிக்கு பஸ் ஏறி எங்க வேலைக்குப் போவுதுன்னு தெருவுல ஒருத்தரும் கேட்டதில்ல. முடிஞ்சிது, இனிமே எங்க தண்டையார்பேட்டைக்கே தெரிஞ்சிடும்னு நெனைச்சேன்.

“துடிப்பு வந்துச்சா?” ன்னுச்சி.

“வந்துச்சி... ஒனக்கு எப்பிடிக்கா தெரியும்?”

“நீங்க மொத நாளு வந்தப்பவே தெரியும். அந்தக் கடைசி ஊசி போட்டுட்டு, ‘வீட்ல வெயிட்டு தூக்கற வேல ஏதாச்சும் உண்டா’ ன்னு டாக்டரு கேட்டாங்கல்ல? நான் ஸ்கிரீனுக்கு அந்தாண்ட பெட்ஷீட்டு மாத்திகினு இருந்தேன். ரெண்டு பேரும் ஒரே வாயா ‘இல்ல’ ன்னீங்க. ஆறு கொடம் தண்ணி இன்னாய்யா, பஞ்சா?”

நான் ஹார்பர் கேட்டாண்ட எடமேடைல வேல பாக்கறவன். லாரிய நிறுத்தி எடை போட்டு சீட்டு குடுக்கறதுதான் என் பொழப்பு. பதினஞ்சு லிட்டர் கொடம் பதினஞ்சு கிலோன்னு எனக்குத் தோணவே இல்ல. அவளுக்கும் தோணல. தண்ணிய யாரு வெயிட்டுன்னு நெனைக்கறா?

“அத எங்கிட்ட தனியா சொல்லிருக்கலாமேக்கா?”

“டாக்டரு கேட்டே ஒனக்கு ஏறல. நான் சொன்னா, நீ மூணு நாளு தூக்குவ, நாலாவது நாளு அவளே வந்து நிப்பா.”

“அதுக்காக நாலு பேரு முன்னாடி அவள அப்பிடி பேசணுமா? அஞ்சு வாரமா அழுவுறா!”

அக்கா பக்கெட்ட கீழ வெச்சிது.

“ஒடம்பு சரியில்லாதவ, தூக்கக்கூடாதுன்னு சொல்லி நிறுத்துனா, இன்னா ஒடம்புக்குன்னு தெருவே நோண்டும். புள்ள இல்லாதவளத் திட்டி நிறுத்துனேன். ஏன்னு ஒருத்தி கேட்டாளா, சொல்லு?”

ஹுமாயூன் வாயத் தொறக்கறதுக்குள்ள தெரு மொனைலேர்ந்து அக்கா கத்தறது கேட்டுது.

“யோவ் செங்குட்டுவா! லாரி வந்து நிக்குது, அஞ்சு மாசக்காரி வூட்ல தண்ணி இல்லாம கீறா, அங்க இன்னா கத?”

அது வரைக்கும் சேதி தெரியாத தெருவே திரும்பிப் பாத்துச்சி. கொடத்த எடுத்துகினு ஓடுனேன்.