நாற்பத்து மூன்று கையெழுத்து

"பள்ளிக்கூடத்த மூடுறதுக்கு நீங்க யாரு ஃபாதர்? இந்தப் பங்குக்கு வந்து ரெண்டு வருஷம்கூட ஆகல. எங்க தாத்தா மண்ணு சுமந்து கட்டின பள்ளிக்கூடம் இது!"

கத்தியவர் மைக்கு. கோயிலில் வாசகம் வாசிக்கிறவர். மின்சாரம் போனாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற தொண்டை என்பதால் அந்தப் பட்டப்பெயர்.

கோயிலை ஒட்டிய சின்ன ஆரம்பப் பள்ளி. ஒன்றாம் வகுப்புப் பெஞ்சுகளில், முழங்கால் காதைத் தொட, நாற்பது பேருக்கு மேல் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இந்த வருடத்தோடு பள்ளியை மூடப்போவதாக ஞாயிறு பூசையில் பங்குத்தந்தை அறிவித்திருந்தார். சிலுவை அடையாளம் போட்டு ஆரம்பித்த கூட்டம், ஐந்தே நிமிடத்தில் அவரைச் சிலுவையில் அறைகிற கூட்டமாகிவிட்டது.

"ஏன் மூடுறோம்னா..." என்று அவர் வாயைத் திறந்தார்.

"ஏன்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்!" என்றார் தையல்காரர். "இத இடிச்சுட்டுக் கடை கட்டி வாடகைக்கு விடப் போறீங்க. யாரு காதுல பூ சுத்தப் பாக்குறீங்க?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க. பிள்ளைங்க..."

"பிள்ளைங்களப் பத்தி நீங்க பேசாதீங்க!" மருந்துக்கடைக்காரரின் மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் இந்த பெஞ்சுல உக்காந்துதான் 'அருள் நிறைந்த மரியே' படிச்சேன். இத மூடிட்டா அடுத்த தலைமுறைக்கு விசுவாசம் எங்கேர்ந்து வரும்? கடையில விப்பாங்களா?"

கைதட்டல் ஓடுகளை அதிர வைத்தது. பங்குத்தந்தை வேறு வழியில்லாமல் வாசல் பக்கம் பார்த்தார். வருகைப் பதிவேட்டை மார்போடு அணைத்தபடி அங்கே நின்றிருந்தார் தலைமையாசிரியை சிஸ்டர். இருபத்திரண்டு வருடமாக இதே கரும்பலகையில் சாக்பீஸ் தேய்த்தவர்.

"நான் ஒரே ஒரு விஷயம் சொல்லட்டுமா?" என்றார் சிஸ்டர்.

"நீங்க சும்மா இருங்க சிஸ்டர்," என்றார் மைக்கு. "உங்களுக்காகவும்தான் நாங்க தொண்டத் தண்ணி வத்தக் கத்துறோம்."

சிஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அவருக்கு வந்த கோபத்துக்கு, அந்தப் பதிவேட்டைத் தூக்கி மைக்கு மேல் எறிந்திருக்க வேண்டும்.

மைக்கு கரும்பலகைக்குப் போனார். மூலையில் காலையில் எழுதியிருந்த வருகைக் கணக்கைச் சட்டைக் கையாலேயே துடைத்தார். அந்த இடத்தையும் சேர்த்து, 'எங்கள் பள்ளி எங்கள் உயிர்' என்று பலகை நிறைய எழுதினார்.

"ஆயருக்கு மனு. ஆளுக்கொரு கையெழுத்து. சீக்கிரம் ஆகட்டும், நாலு மணிக்கு நான் கிளம்பணும்."

"எனக்கும்தான்," என்று நாலைந்து குரல்கள் கேட்டன.

தாள் கை மாறி மாறிப் போனது. தாளே கிழிந்துவிடும்போல அழுத்தி அழுத்திக் கையெழுத்துப் போட்டார்கள். தையல்காரர் கையெழுத்துக்குக் கீழே இரண்டு கோடு வேறு போட்டார்.

பள்ளியைப் பெருக்கித் துடைக்கிற பெண் ஈரக்கையை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள். பேனாவுக்காகக் கை நீட்டினாள்.

"அண்ணே, நானும் போடட்டுங்களா?"

மைக்கு தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நீ எதுக்கும்மா? நீ என்ன ஞானஸ்நானம் வாங்கினவளா? இது எங்க விசுவாசத்துப் பிரச்சன. நீ போய் வராந்தாவக் கூட்டு."

யாரோ சிரித்தார்கள். அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு சுவர் ஓரமாக ஒதுங்கினாள்.

"நாப்பத்து மூணு!" மைக்கு மனுவைப் பங்குத்தந்தையின் முன்னாலிருந்த மேசையில் ஓங்கி அறைந்தார். "நாப்பத்து மூணு குடும்பம் கையெழுத்துப் போட்டிருக்கு. இப்ப மூடுங்க பாப்போம்!"

அப்போது கோயில் வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. நீளமாக இரண்டு தடவை.

"ஐயையோ, வேன் வந்துடுச்சு!"

முதலில் ஓடியவர் தையல்காரர். பின்னாலேயே மருந்துக்கடைக்காரரின் மனைவி. அரை நிமிடத்தில் பெஞ்சுகள் காலி. "இருங்க ஃபாதர், மிச்சத்த அப்புறம் பேசிக்கிறேன்," என்று வாசலிலிருந்தே ஒரு விரலை ஆட்டிவிட்டு மைக்கும் ஓடினார்.

ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. டவுனிலிருக்கும் பெரிய பள்ளியின் பெயர் எழுதிய வேனிலிருந்து, டை கட்டிய பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். மைக்கு தன் மகனுடைய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

சிஸ்டர் மனுவை எடுத்தார். அந்த நாற்பத்து மூன்று கையெழுத்தையும் மேசைமேல் கவிழ்த்து, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தைப் பெருக்குகிற பெண்ணிடம் தள்ளினார். பேனாவையும் கொடுத்தார்.

"போடும்மா கையெழுத்து. இங்க மொத்தமே ஆறு பிள்ளைங்கதான் படிக்குது, அதுல மூணு உன் பிள்ளைங்க."