சோதனைப் பெட்டி

“ஏத்துறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாக்க உனக்கு என்னடா கேடு?”

அருள்மொழி போட்ட சத்தத்தில் அலுவலகமே நிமிர்ந்து பார்த்தது. அன்பரசு மட்டும் நிமிரவில்லை.

“இந்த மெஷின்ல ஓடுது மேடம்.”

“இந்த மெஷின்லயா லாரிய எடை போடப் போறாங்க?”

சிதம்பரம் கீழ வீதியில், ஒரு மாடியில் இயங்கும் சிறிய மென்பொருள் நிறுவனம் அது. காட்டுமன்னார்கோயில் பக்கத்து நெல் அரைவை ஆலையின் எடைமேடைக்கு அவர்கள் எழுதிக் கொடுத்திருந்த மென்பொருள், காலையில் புதுப்பித்ததிலிருந்து ஊமையாகிவிட்டது. அங்கே இருப்பது உள்ளங்கை அகலமே உள்ள ஒரு கணினிப் பெட்டி. அது எடையைச் சொன்னால்தான் லாரி நகரும்.

மென்பொருளை அதற்கு வேண்டிய சாமான்கள் அத்தனையோடும் சேர்த்து ஒரு பொட்டலமாகக் கட்டிவிடுவார்கள். கண்டெய்னர் என்பது அதன் பெயர். எந்த லினக்ஸ் கணினியில் அவிழ்த்தாலும் ஓடும் என்பது பேச்சு. பேச்சுத்தான். அலுவலகக் கணினியின் செயலி இன்டெல் இனம்; ஆலைப் பெட்டியின் செயலியோ ஏ.ஆர்.எம். இனம். அன்பரசு கட்டி அனுப்பிய பொட்டலத்தில் ஒரு வரிகூட அதற்குப் புரியவில்லை.

அந்த இனத்துக்கென்றே அருள்மொழி மறுபடியும் கட்டி அனுப்பினாள். ஓடவில்லை. செயலி அறுபத்து நான்கு பிட்; பெட்டியில் இருந்த லினக்ஸ் பழைய முப்பத்திரண்டு பிட். அதற்கேற்பவும் மாற்றிக் கட்டினாள். எடைமேடையோடு பேச வேண்டிய நிரல் அந்தப் பழைய லினக்ஸில் இறங்க மறுத்தது. ஒரு முடிச்சை அவிழ்த்தால் இன்னொரு முடிச்சு விழுந்தது.

பழைய பதிப்பையே திரும்ப ஏற்றலாம் என்றால், அது அந்தப் பெட்டியில் மட்டுமே இருந்தது. இடம் போதாதென்று அதை அழித்துவிட்டுத்தான் புதியதை ஏற்றியிருந்தார்கள்.

தொலைபேசி ஒலித்தது. ஆலை மேலாளர் கொளஞ்சி.

“ஏம்மா, இன்னும் எவ்ளோ நேரம்? லாரி ரோடு வரைக்கும் நிக்குது. வானம் வேற கறுத்துக்கினு வருது. நெல்லு நனைஞ்சா நீயா வந்து காய வைப்ப?”

“இதோ முடிஞ்சுடும்ண்ணே.”

“காலையிலேருந்து இதோ இதோன்னுதான் சொல்ற. கைத்தராசு வச்சு நிறுத்தியிருந்தாக்கூட இந்நேரம் பாதி லாரி போயிருக்கும்.”

அவள் தொலைபேசியை வைத்தாள். முதலாளி சிங்காரம் கடலூரிலிருந்து கிளம்பும்போதே அவளிடம் போனில் சொல்லிவிட்டார்: “நான் வர்றதுக்குள்ள ஓடலைன்னா, யாரு பண்ண தப்புன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். அவுங்க நாளைக்கு வர வேணாம்.”

வீட்டில் அவள் ஒருத்தியின் சம்பளம்தான். அன்பரசு வேலையில் சேர்ந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை.

சிங்காரம் வந்தார். உட்காரவில்லை.

“ஓடுதா?”

“இன்னும் இல்ல சார். ஆலையில நெட்டு ரொம்ப மோசம். இங்கேருந்து ஒண்ணொண்ணா ஏத்திப் பாக்குறதுக்குள்ள…”

“எதுக்கு அங்க ஏத்திப் பாக்குறீங்க? அதே மாதிரிப் பெட்டி ஒண்ணு, சோதனைக்குன்னு இங்க வாங்கிக் குடுத்தேனே?”

அருள்மொழிக்குப் போன உயிர் திரும்பியது. அன்பரசுவின் பக்கம் பாய்ந்தாள்.

“ஆமா, அது எங்கடா? எடு. அதுல ஓட்டிப் பாக்காமலா ஏத்துன?”

அன்பரசு அவளைப் பார்த்தான். பிறகு முதலாளியைப் பார்த்தான்.

“அது… கீழ போட்டு உடைச்சுட்டேன் சார்.”

“உடைச்சியா? சொல்லவே இல்ல?”

“பயந்துக்கினு சொல்லல சார்.”

“நல்லா இருக்குதுய்யா! பெட்டிய உடைச்சான், வாய மூடிக்கினான், என் பொழப்புல மண்ணப் போட்டான்.”

சிங்காரம் தம் அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினார்.

அருள்மொழி தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்தப் பெட்டி கையில் இருந்தால் மாலைக்குள் ஒரு வழி கிடைத்திருக்கும். இனி அதுவும் இல்லை.

“பாவி, எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா? எப்படா உடைச்ச?”

“உடையல மேடம்.” அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “உங்க வீட்லதான் இருக்குது. பாப்பா ஸ்கூல் எக்ஸிபிஷனுக்குக் கலங்கரை விளக்கம் செய்யணும்னு எடுத்துக்கினு போனீங்களே… விளக்கு மினுக்குறதுக்கு அதுக்குள்ள வச்சிருக்கீங்க.”

அவள் அடியோடு மறந்திருந்தாள். முதல் பரிசு வாங்கிய அந்த அட்டைக் கலங்கரை விளக்கம், ஃபிரிட்ஜின் மேல் மினுக்கிக்கொண்டிருப்பது அவள் கண்முன் வந்து நின்றது.

“திருப்பிக் கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டேன் மேடம். பாப்பா அழுவுது, இங்க ஓடுனா அங்கயும் ஓடும், நீ ஏத்துன்னீங்க.”

அவள் முதலாளியின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அத ஏண்டா சார்கிட்ட சொல்லல?”

“ஆபீஸ் பொருள வீட்டுக்கு எடுத்துக்கினு போயிட்டாங்கன்னு உங்களப் பத்தி நான் எப்படி மேடம் சொல்றது? என்னைன்னா ரெண்டு திட்டு திட்டிட்டு விட்டுடுவாரு.”

ஜன்னல் கம்பிகளில் மழை அடிக்கத் தொடங்கியது. மேசையின் மேல் கொளஞ்சியின் அழைப்பு அதிர்ந்துகொண்டே இருந்தது. அதை எடுக்க அவளுக்குத் துணிவில்லை.

முதலாளியின் அறைக் கதவு திறந்தது.

“இந்தப் பையன் நாளையிலேருந்து வர வேணாம். உங்களுக்குக் கீழதானம்மா வேலை பாக்குறான், நீங்க என்ன சொல்றீங்க?”

அன்பரசு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பொறுப்பு பத்தாதுதான் சார்” என்றாள் அருள்மொழி.