மரத்த காலுக்குப் பரீட்சை

மேஸ்திரிக்கு நான் தரவேண்டிய கடன் பதினோராயிரத்து நானூறு. சர்க்கரை நோயால் மரத்துப்போன என் வலது பாதத்தில் மின்சாரம் வைத்து நரம்பை வளரவைக்கும் வைத்தியத்துக்காக வாங்கியது.

"செத்த நரம்பு கரண்டுல முளைக்குமாய்யா? முளைச்சா நீ ஒரு காசு தர வேணாம்!" என்று எல்லார் முன்னாலும் சவால் விட்டிருந்தார்.

ஆறு மாதம் கழித்து, வேலையிடத்தில் என்னைச் சிமெண்டு மூட்டைமேல் உட்காரவைத்து, துண்டால் கண்ணைக் கட்டினார். அவர் கையில் ஓர் ஆணி.

"இப்ப தெரியுதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல மேஸ்திரி."

"பாத்தீங்களாய்யா! நாளைக்கே பணத்தை எடுத்து வை."

"முதல்ல ஆணியைக் கால்ல வைங்க. அப்புறம் கேளுங்க."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஆத்திரத்தில் அவர் என் கட்டைவிரலில் நறுக்கென்று குத்தினார்.

"ஐயோ!" என்று அலறினேன்.

அந்த ஓர் அலறலில் பதினோராயிரத்து நானூறும் தீர்ந்தது.