ஃபுல்லா வைங்க, ஊரை மறங்க

இந்தக் காலத்தில் கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? ஒரு தடவை கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி நிற்பது. இன்னொரு தடவை கூப்பிட்டால் முறைப்பது. வேலைக்கென்று வெளியே ஒரு காலை வைத்துவிட்டால் போதும், பெற்றவன் குரல் ஈ பறக்கிற சத்தமாகிவிடுகிறது.

பாண்டி பஜாரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மண்ணாங்கட்டி இப்படிக் கறுவிக்கொண்டுதான் இறங்கினார். ஊரைச் சொல்லவில்லை. மகள் தேசம்மாவைத்தான் சொன்னார்.

போன மாதம் காசிமேட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனின் தாய்மாமன் எதிரே உட்கார்ந்து, "உன் பேரு இன்னாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டான். குனிந்த தலை நிமிராமல் இவள் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள். திமிர் பிடித்த பெண் என்று கடலோரம் முழுக்கப் பேச்சு.

இன்று சாயங்காலம் பழவேற்காட்டிலிருந்து வருகிறார்கள். இதுவும் கைவிட்டுப் போனால், அப்புறம் எவனும் இவர்கள் இருக்கும் நொச்சிக்குப்பத்துப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான். கேட்டதற்கு வாயைத் திறந்து பதில் சொல்லடி என்று வழியெல்லாம் சொல்லிச் சொல்லி அழைத்துப் போகத்தான் நாலு மணிக்கே வந்துவிட்டார்.

அய்யாதுரை ரேடியோ கடை வாசலில் கூட்டம்.

கண்ணாடிக்கு உள்ளே, ரோட்டைப் பார்த்தபடி, உயரமான ஸ்டூலில் தேசம்மா. தலைக்கு மேல் ஒரு வளையம், இரண்டு காதையும் மூடிக்கொண்டு இரண்டு கறுப்புக் கிண்ணம். ஹெட்போனாம். சீமைச் சரக்காம்.

அதை மாட்டிக்கொண்டு, சிரித்த முகமாகத் தலையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் வேலை. காலை பத்திலிருந்து ராத்திரி எட்டு வரைக்கும். தீபாவளிக்குச் சேர்ந்தாள், இப்போது சித்திரை பிறந்துவிட்டது.

சத்தக் குமிழை முழுசாகத் திருப்பி வைத்திருந்தார்கள். கிண்ணத்திலிருந்து கசிந்த பாட்டே கல்லாப்பெட்டி வரைக்கும் இரைந்தது. காதுக்குள் எப்படி இருக்குமோ!

"ஃபுல்லா வைங்க, ஊரை மறங்க!" என்று மைக்கில் கூவிக்கொண்டிருந்த முதலாளி அய்யாதுரை, உள்ளே வந்த இவரைக் கண்டதும் மைக்கை இறக்கினார். திருநெல்வேலிக்காரர். பேச்சில் ஊர் இன்னும் போகவில்லை.

"உம்ம மவ தங்கம் வே! முன்னால இருந்த புள்ள பத்து நிமிசத்துல காதைப் பொத்திக்கிட்டு ஓடிருச்சு. இவ எம்புட்டு சத்தம் வச்சாலும் மொகம் சுளிக்க மாட்டா."

"வூட்டாண்ட வந்து பாரு அண்ணாச்சி. கொரலு குட்த்தா திரும்பாது மகாராணி."

அய்யாதுரை சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது.

மேலே மின்விசிறி சோம்பி நின்றது. ஹெட்போனுக்குப் பாட்டுக் கொடுத்த இசைத்தட்டு ஒரு முனகல் முனகி அடங்கியது. இத்தனை நேரம் இரைச்சலில் இருந்த கடை, குடத்தைக் கவிழ்த்த மாதிரி ஓய்ந்துபோனது. வெளியே வேடிக்கை பார்த்தவர்களுக்கு என்ன தெரியும்? கண்ணாடியில் மூக்கு ஒட்ட அப்படியே நின்றார்கள்.

சாயங்கால வெயில் தேசம்மாவின் முகத்தில் அடித்தது. அவளுக்குக் கடை முதுகுப் பக்கம்.

அவள் தலை ஆடிக்கொண்டிருந்தது.

ஒரே சீராக. கால் கட்டைவிரல் ஸ்டூல் கம்பியில் தாளம் தட்டியது.

"தேசம்மா," என்றார் மண்ணாங்கட்டி.

தீபாவளி வரைக்கும், கட்டுமரம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே, அலைச் சத்தத்துக்கு மேலே வருகிற இவர் குரலைக் கரையில் முதலில் பிடித்தவள் அவள்தான். மற்ற பெண்கள் எழுந்து சேலையை உதறுவதற்குள் கூடையோடு ஓடிவந்து தண்ணீரில் நிற்பாள். குப்பத்தில் வேறு யாருக்கும் அப்படி ஒரு காது கிடையாது.

"ஏய்! தேசம்மா!"

ரேடியோ வாங்க வந்த அம்மாள் ஒருத்தி திரும்பினாள். அய்யாதுரை திரும்பினார். பக்கத்துப் பாத்திரக் கடையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

தேசம்மா வெளியே நின்ற ஜனங்களைப் பார்த்துச் சிரித்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"பாட்டுல சொக்கிப் போயிருக்கா வே," என்றார் அய்யாதுரை.

சொல்லிவிட்டு, நின்றுபோன விசிறியை அண்ணாந்து பார்த்தார். அதற்கப்புறம் அவர் மண்ணாங்கட்டியின் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜையில் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

மண்ணாங்கட்டியும் விசிறியைப் பார்த்தார். சுற்றாத இசைத்தட்டைப் பார்த்தார். மகளுக்கு ஓரடி பின்னால் போய் நின்றார்.

கையை நீட்டினால் தோள். தொட்டால் திரும்பிவிடுவாள். திரும்பி அவர் வாயைப் பார்ப்பாள். கொஞ்ச நாளாக வீட்டில் யார் என்ன பேசினாலும் அவள் பேசுகிறவர்களின் வாயைத்தான் பார்க்கிறாள்.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"திமிரு அண்ணாச்சி. வேற இன்னா?"

மகளை அழைத்துக்கொள்ளாமலே மண்ணாங்கட்டி படியிறங்கினார். பழவேற்காட்டுக்காரர்கள் இந்நேரம் பஸ் ஏறியிருப்பார்கள். கண்ணாடிப் பக்கம் போகாமல், கூட்டத்துக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

பத்துக் கடை தாண்டியிருப்பார், கரண்ட் வந்தது. அய்யாதுரையின் மைக் கொஞ்சம் தயங்கிவிட்டு, மறுபடியும் ஊரை மறக்கச் சொன்னது.

"திமிருதான்," என்றார் மண்ணாங்கட்டி, எதிரே வந்த யாரோ ஒருவரிடம், தேவைக்கு மேல் சத்தமாக.